ஆண்டின் நடுவே ஊர் மாறும் ஓய்வூதியம்

டெக்சாஸைத் தன் ஊராகப் பதிந்துவைத்திருக்கும் அமெரிக்கக் கடற்படைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசிச் சில ஆண்டுகள் அவருக்கு வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் வேலை. உலகிலேயே பெரிய கடற்படைத் தளம் அது. ஜூலை 1 அன்று ஓய்வு பெறுகிறார். மனைவிக்கு அங்கே வேலை இருக்கிறது, பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஆகவே அங்கேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்கிறார். ஜூன் 30 வரை அவர் வாங்கிய படைச் சம்பளத்துக்கு வர்ஜீனியா வரி கேட்க முடியாது. டெக்சாஸும் கேட்காது, அங்கே வருமான வரியே கிடையாது. ஜூலை 1 முதல் அவர் வர்ஜீனியாக்காரர். வீட்டுக் கதவிலக்கம்கூட மாறவில்லை. ஆனால் அந்த ஆண்டின் வரிக் கணக்கில் அவர் ஊர் மாறி வந்தவர். சட்டம் அவரைப் பகுதியாண்டுக் குடியிருப்பாளர் என்ற வகையில் வைக்கிறது.

படையிலிருந்து ஓய்வு பெறும் ஆண்டு பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆண்டுதான். ஓய்வு மாதத்தின் முதல் நாளில் நடப்புக்கு வர வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். அது ஜனவரியில்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சேர்த்துவைத்த விடுப்பைக் கடைசியில் மொத்தமாக எடுத்துக்கொண்டு, அந்த வாரங்களிலேயே வெளியில் வேறு வேலைக்குச் சேர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. இதனால் ஒரே ஆண்டில் படைச் சம்பளம், தனியார் சம்பளம், ஓய்வூதியம் மூன்றும் வரும். மூன்றுக்கும் மாநில வரிச் சட்டத்தில் வெவ்வேறு விதி.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தச் சிக்கலே அந்நியமாகத் தோன்றலாம். வேளாண் வருமானம் தவிர்த்த வருமான வரி இந்திய அரசியலமைப்பில் ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. புனேயில் ஓய்வு பெற்று வேலூருக்குத் திரும்பும் முன்னாள் ராணுவத்தினருக்கு ஊர் மாறியதால் வருமான வரி மாறுவதில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு ஒரு வருமான வரி வாங்குகிறது. அதன் மேல் 41 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தத்தம் வரியை வாங்குகின்றன. மேரிலாந்து போன்ற இடங்களில் மாவட்டம் போன்ற கவுன்டியும் தன் பங்குக்கு ஒரு வரி வைத்திருக்கிறது. படை ஓய்வூதியம் கூட்டாட்சி வரிக்கு உட்பட்ட வருமானம். மாநில வரியில் அதற்கு எவ்வளவு விலக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இந்த விலக்குகளைப் படைவீரர்களுக்குச் சமூகம் செலுத்தும் நன்றி என்று அரசியல்வாதிகள் மேடையில் சொல்வது வழக்கம். அவை பிறந்த கதையில் நன்றிக்கு உள்ள இடம் சிறிதுதான். வழக்குகளுக்கு உள்ள இடம் பெரிது.

மிச்சிகன் மாநிலம் தன்னுடைய அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு வரி விலக்குத் தந்துவிட்டு, கூட்டாட்சி அரசின் ஓய்வூதியர்களிடம் மட்டும் வரி வாங்கிவந்தது. பால் டேவிஸ் என்ற கூட்டாட்சி ஓய்வூதியர் 1979 முதல் 1984 வரை தான் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1989 மார்ச்சில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. தீர்ப்பின் வேர் 1819இன் மக்கல்லோ வழக்குவரை போகிறது: ஓர் அரசு இன்னோர் அரசின் மீது வரியை ஆயுதமாக்கக் கூடாது. கூட்டாட்சி ஊழியர்களின் ஊதியத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று 1939இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இசைந்தபோதும், ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துப் பாகுபடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இசைந்தது. மிச்சிகன் அந்த நிபந்தனையை மீறியதாக நீதிமன்றம் கண்டது.

இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதே போன்ற சட்டங்கள் இருந்தன. கன்சாஸ் ஒரு சாமர்த்தியமான வாதத்தை முன்வைத்தது. ஓய்வு பெற்ற படைவீரரை மறுபடி பணிக்கு அழைக்க முடியும். ஆகவே அவர் வாங்குவது ஓய்வூதியம் ஆகாது, குறைந்த பணிக்குத் தரப்படும் குறைந்த சம்பளம். மாநில ஓய்வூதியத்தோடு அதை ஒப்பிடவே கூடாது என்றது. 1992இல் பார்க்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை மறுத்தது. கடந்த காலப் பணிக்குத் தள்ளிவைத்துத் தரப்படும் ஊதியமே அது என்றது. அடுத்த ஆண்டே ஹார்ப்பர் வழக்கில், டேவிஸ் தீர்ப்பு முந்தைய ஆண்டுகளுக்கும் செல்லும் என்று வர்ஜீனியாவுக்குச் சொல்லப்பட்டது.

ஆகவே மாநிலங்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன: இரு தரப்புக்கும் விலக்குத் தருவது, அல்லது இரு தரப்பிடமும் வாங்குவது. அந்தத் தடுமாற்றத்தின் தழும்புகள் இன்றும் வரிப் படிவங்களில் இருக்கின்றன. ஓரிகனில் 1991 அக்டோபர் 1க்கு முன் செய்த பணிக்கான பங்கை மட்டும் ஓய்வூதியத்திலிருந்து கழிக்கலாம். 1981 அக்டோபரில் சேர்ந்து 2001 செப்டம்பர் முடிவில் ஓய்வு பெற்றவருக்கு 240 மாதங்களில் 120, ஆகவே பாதி. அந்த நாளுக்குப் பின் சேர்ந்தவருக்கு இந்தக் கழிவில் ஒன்றும் கிடைக்காது. கென்டக்கியில் இதே வேலையைச் செய்யும் தேதி 1998 ஜனவரி 1. வட கரோலினாவில் 1989 ஆகஸ்ட் 12. அந்த நாளில் ஐந்தாண்டுப் பணியை முடித்திருந்த அரசு ஓய்வூதியர்களுக்கு முழு விலக்கு உண்டு என்பது 1998இன் பெய்லி வழக்கிலிருந்து வந்தது. இருபதாண்டு பணிசெய்த படை ஓய்வூதியர்கள் அனைவருக்கும் முழு விலக்கை அந்த மாநிலம் 2021இல்தான் கொண்டுவந்தது.

இரண்டாவது அலை அப்போதுதான் எழுந்தது. அதை எழுப்பியது போட்டி. அரிசோனா 2021இலும், தென் கரோலினாவும் நெப்ராஸ்காவும் 2022இலும் முழு விலக்குத் தந்தன. வர்ஜீனியா 2022இல் 10,000 டாலரில் தொடங்கி, ஆண்டுக்குப் பத்தாயிரமாக ஏற்றி, 2025இல் 40,000 டாலருக்கு வந்தது; தொடக்கத்தில் இருந்த 55 வயது நிபந்தனையையும் வழியில் கழற்றிவிட்டது. மேரிலாந்தில் 2023 முதல் 55 வயதுக்குக் கீழே 12,500, அதற்கு மேலே 20,000. நீண்டகாலம் எதுவுமே தராத கலிஃபோர்னியாகூட 2025 வரியாண்டிலிருந்து, குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு 20,000 டாலர் விலக்குத் தருகிறது.

ஏன் இந்த அவசரம்? பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவர் முப்பத்தெட்டில் ஓய்வு பெறலாம். கையில் தொழில், பலருக்குப் பாதுகாப்பு அனுமதிச் சான்று, ஆயுள் முழுக்க நிலையான வருமானம், பள்ளி வயதுப் பிள்ளைகள்: எந்த மாநிலத்துக்கும் இப்படி ஒரு குடும்பம் வேண்டும். ஜார்ஜியாவின் 2022 சட்டத்தைப் பார்த்தால் நோக்கம் வெளிப்படையாகத் தெரியும். 62 வயதுக்கு உட்பட்ட படை ஓய்வூதியருக்கு அது 17,500 டாலர் விலக்குத் தந்தது. ஜார்ஜியாவிலேயே வேலை பார்த்து அதற்கு மேல் சம்பாதித்தால் இன்னொரு 17,500 தந்தது. வேலை செய்தால் இரட்டிப்பு என்று ஒரு சட்டம் சொன்னால், அது ஆளெடுக்கும் விளம்பரம்தான்.

விளம்பரத்தில் போடும் எண் ஆண்டு முழுக்கக் குடியிருப்பவருக்கானது. அந்த அழைப்பை ஏற்று ஜூலையில் வந்து இறங்குகிறவருக்கு முதல் ஆண்டில் அதே எண் என்னவாகிறது என்பதுதான் இங்கே நான் பார்க்க விரும்புவது.

முதலில் யார் எந்த ஊர்க்காரர் என்பதைத் தீர்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் ஒருவருக்கு நிலையான உறைவிடம் ஒன்றுதான் இருக்க முடியும். எங்கே போனாலும் திரும்பி வருவதாக எண்ணும் ஊர் அது. வாக்காளர் பதிவு, ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, உயில் எல்லாம் அதற்குச் சாட்சிகள். பணியில் இருக்கும் படைவீரர் அரசு ஆணையால் எங்கே இருக்க நேர்ந்தாலும் இந்த உறைவிடம் தானாக மாறிவிடாது என்ற காப்பு 1940களின் சட்டங்களிலிருந்து வருகிறது. 2003இல் அது புதிய சட்டமாகத் திருத்தி எழுதப்பட்டது. ஓய்வு பெற்ற அன்று இந்தக் காப்பு விழுந்துவிடுகிறது. அதன்பின் அவரும் சாதாரணக் குடிமகன். 183 நாட்களுக்கு மேல் வீடு வைத்துத் தங்கியிருந்தாலே குடியிருப்பாளர் என்று கணக்கிடும் மேரிலாந்து, வர்ஜீனியா போன்ற மாநிலங்களின் விதி அவருக்கும் பொருந்தும்.

ஓய்வூதியத்துக்கு இன்னொரு சட்டம் துணை நிற்கிறது. ஒரு காலத்தில் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள், எங்கள் மண்ணில் உழைத்துச் சேர்த்த ஓய்வூதியம் இது என்று சொல்லி, வேறு ஊருக்குப் போய்விட்டவர்களிடமும் வரி கேட்டன. 1996 ஜனவரியில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் அதை நிறுத்தியது. தன்னிடம் குடியில்லாதவரின் ஓய்வூதிய வருமானத்துக்கு எந்த மாநிலமும் வரி போடக் கூடாது. படை ஓய்வூதியமும் அதில் அடக்கம். எனவே பகுதியாண்டுக் குடியிருப்பாளர் விஷயத்தில் அடிப்படை விதி எளிது. குடியிருந்த மாதங்களில் கைக்கு வந்த ஓய்வூதியம் அந்த மாநிலத்தின் வரி வலைக்குள், மற்றது வெளியே. ஒரு மாத ஓய்வூதியம் அடுத்த மாத முதல் வேலைநாளில் வருவதால் எல்லைக்கோட்டில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. ஜூலை 20இல் குடிமாறுகிறவர், பெரும்பகுதி பழைய ஊரில் கழித்த ஜூலை மாதத்துக்கான தொகையைப் புதிய ஊர்க்காரராக வாங்குவார்.

இனி கணக்கு. மாதம் 5,000 டாலர் ஓய்வூதியம், ஆண்டுக்கு 60,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 1 அன்று ஒரு மாநிலத்துக்குக் குடிபோகிறார். அங்கே விலக்கின் உச்சவரம்பு 20,000. புதிய ஊரில் ஆறு மாதத்தில் வாங்குவது 30,000.

உச்சவரம்பை முழுதாகத் தரும் சட்டமாக இருந்தால் 30,000இல் 20,000 போக 10,000க்கு மட்டும் வரி. ஆறு மாதம்தானே இருந்தாய், உச்சவரம்பிலும் பாதிதான் என்று சொல்லும் சட்டமாக இருந்தால் 20,000க்கு வரி. இரண்டுக்கும் நடுவே கணிசமான வித்தியாசம். ஆனால் இரண்டிலும் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாவது வழியில் அப்படித் தெரியாது. ஆண்டு முழுக்க இங்கேயே இருந்திருந்தால் எவ்வளவு வரி என்று முதலில் கணக்கிட்டு, அதை ஒரு விகிதத்தால் பெருக்கும் முறை அது. கலிஃபோர்னியாவும் கொலராடோவும் பின்பற்றுவது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த முறைகளைத்தான். நம் எடுத்துக்காட்டில் 60,000இல் 20,000 கழித்து 40,000க்கு வரி போட்டு, அதில் பாதியை வாங்கினால் என்ன ஆகிறது? வரி விகிதம் ஒரே சீராக இருந்தால், 20,000க்கு வரி கட்டியதற்குச் சமம். உச்சவரம்பைப் பாதியாக்குகிறோம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை; ஆனாலும் பாதியாகிவிட்டது. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் மாநிலமாக இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே போகும், ஏனென்றால் விகிதத்தைத் தீர்மானிப்பது 40,000.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பெருக்கும் விகிதம் எதைக் கொண்டு வருகிறது? விலக்குக்கு முந்தைய வருமானங்களை வகுத்தால் 30,000 கீழ் 60,000, அதாவது பாதி. விலக்குக்குப் பிந்தைய வருமானங்களை வகுத்தால் 10,000 கீழ் 40,000, அதாவது கால். கால் என்றால் சீரான விகிதத்தில் 10,000க்கு வரி கட்டியதாக ஆகிறது. உச்சவரம்பு முழுதாகவே கிடைத்துவிட்டது. சட்டமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றிய 20,000 என்ற எண் முதல் ஆண்டில் எவ்வளவு பெறும் என்பதை, படிவத்தில் கழிவுக்கான வரிசை, விகிதத்துக்கான வரிசைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. அதைத் தீர்மானிப்பவர் படிவத்தை வரைந்த அதிகாரி.

எது நியாயம் என்று கேட்டால், உச்சவரம்பைக் காலத்துக்கேற்பக் குறைப்பதே சரி என்பேன். முழுதாகத் தந்தால், ஆண்டின் நடுவே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் இரண்டு உச்சவரம்புகளையும் பயன்படுத்திக்கொள்வார். மேலே சொன்ன ஓய்வூதியர் 20,000 உச்சவரம்புள்ள இரண்டு மாநிலங்களில் அரையரை ஆண்டு இருந்தால் மொத்தம் 20,000க்கு வரி. ஒரே ஊரில் இருந்தவருக்கு 40,000க்கு. லாரி ஏற்றியதற்கு இவ்வளவு பரிசு தேவையில்லை. ஆனால் குறைப்பதாக இருந்தால் அதைச் சட்டத்தின் வாசகத்தில் சொல்ல வேண்டும். ஜார்ஜியா தன்னுடைய பொது ஓய்வூதிய விலக்கில் பகுதியாண்டுக்காரர்கள் விகிதப்படிதான் எடுக்க வேண்டும் என்று வழிகாட்டியில் நேராகவே எழுதிவைத்திருக்கிறது. அந்த நேர்மை மற்ற இடங்களுக்கும் பரவலாம்.

காலத்துக்கேற்பக் குறைப்பதில் மாநிலங்கள் சீராக இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. மேரிலாந்தில் 55 வயது நிறைந்துவிட்டதா என்பதை ஆண்டின் கடைசி நாளை வைத்துப் பார்க்கிறார்கள். டிசம்பரில் பிறந்தநாள் வருகிறவருக்கு ஆண்டு முழுவதற்கும் பெரிய உச்சவரம்பு. வயது ஆண்டை வெட்டுவதில்லை, குடியிருப்பு மட்டும் வெட்டுகிறது. நிர்வாக வசதி என்பதைத் தவிர இதற்கு ஒரு தத்துவம் எனக்குத் தெரியவில்லை.

விகித முறைக்குப் பின்னால் இன்னொரு வழக்கு வரலாறு இருக்கிறது. வெளியூர் வருமானத்துக்கு வரி போடக் கூடாது என்றால், உள்ளூர் வருமானத்தின் வரி விகிதத்தை நிர்ணயிக்க அதைக் கணக்கில் சேர்க்கலாமா? மேக்ஸ்வெல் வழக்கில் நியூ ஜெர்சியின் வாரிசு வரியைப் பற்றி 1919இலேயே உச்ச நீதிமன்றம் சேர்க்கலாம் என்றது. கன்சாஸ் இதைப் படைவீரர்களிடம் பயன்படுத்தியது. வேறு மாநிலத்தைச் சேர்ந்த படைவீரரின் சம்பளத்துக்கு வரி இல்லைதான். ஆனால் அவருடைய மற்ற வருமானத்துக்கோ மனைவியின் சம்பளத்துக்கோ விகிதம் போடும்போது படைச் சம்பளத்தையும் கூட்டிப் பார்த்தது. கூட்டாட்சி அரசே வழக்குப் போட்டுப் பார்த்தும் 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கன்சாஸ் பக்கம் நின்றது. 2003இன் சட்டத்தில்தான் காங்கிரஸ் ஒரு வாக்கியம் சேர்த்து இதைத் தடுத்தது: குடியில்லாத படைவீரரின் படைச் சம்பளத்தைக் காட்டி அவருடைய அல்லது துணைவருடைய மற்ற வருமானத்தின் வரியை ஏற்றக் கூடாது.

இந்த வாக்கியம் பணியில் இருப்பவரின் சம்பளத்தைப் பற்றியது. ஓய்வூதியத்தைக் காக்கும் 1996இன் சட்டத்தில் இப்படி ஒரு வாக்கியம் இல்லை. விளைவைப் பாருங்கள். விகித முறை உள்ள ஒரு மாநிலத்தில் ஜூலையில் இரண்டு பேர் குடியேறுகிறார்கள். ஒருவர் அன்றுதான் ஓய்வு பெற்றவர். ஜூன் வரை வாங்கிய படைச் சம்பளத்தைக் காட்டி அவருடைய விகிதத்தை ஏற்றுவதற்கு எதிராக அவர் கையில் ஒரு சட்ட வாசகம் இருக்கிறது. இன்னொருவர் பத்தாண்டுக்கு முன்பே ஓய்வு பெற்றவர். ஜூன் வரை ஃப்ளோரிடாவில் வாங்கிய ஓய்வூதியத்துக்கு அப்படி ஒரு வாசகம் கிடையாது. அதற்கு நேரடி வரி விழாவிட்டாலும், ஜூலைக்குப் பிந்தைய வருமானத்தின் விகிதத்தை அது தள்ளி ஏற்றலாம். காங்கிரஸ் வேண்டுமென்றே இந்த வேறுபாட்டை வைத்தது என்று நான் நம்பவில்லை. இரண்டு சட்டங்களும் இரண்டு வேறு குறைகளுக்காக, ஏழாண்டு இடைவெளியில் எழுதப்பட்டவை.

புதிதாக வந்தவருக்கும் பழைய குடிக்கும் இடையே ஒரு மாநிலம் எவ்வளவு தூரம் வேறுபாடு காட்டலாம் என்பதும் தீர்ந்த விஷயம் இல்லை. நியூ மெக்சிகோ வியட்நாம் போரில் பணிசெய்தவர்களுக்குச் சொத்தின் வரிக்குரிய மதிப்பில் 2,000 டாலர் விலக்குத் தந்தது. ஆனால் 1976 மே 8க்கு முன்பே அங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும். 1985இல் ஹூப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வந்து சேர்ந்த தேதியை வைத்துக் குடிமக்களை முதல்தரம், இரண்டாம்தரம் என்று பிரிக்க முடியாது. 1998இல் லண்டிங் வழக்கில், குடியில்லாதவருக்கு ஒரு கழிவை முற்றாக மறுத்த நியூயார்க்கின் விதியும் விழுந்தது. பகுதியாண்டுக்காரரின் உச்சவரம்பைக் குறைப்பது இந்த இரண்டு தீர்ப்புகளிலும் மோதுவதில்லை. ஆண்டு முழுக்க இருக்கவில்லை என்பதற்காக விலக்கையே மறுத்தால் அது வேறு வழக்காகிவிடும்.

நெப்ராஸ்கா ஒரு காலத்தில் வைத்திருந்த ஏற்பாடு இதில் விநோதமானது. ஓய்வு பெற்ற இரண்டாண்டுக்குள் ஒருமுறை முடிவெடுக்க வேண்டும். ஏழாண்டுக்கு 40 சதவீத விலக்கா, 67 வயது முதல் ஆயுள் முழுக்க 15 சதவீதமா? எடுத்த முடிவை மாற்ற முடியாது. படை வாழ்க்கையிலிருந்து வெளியே வந்து, எந்த ஊரில் வேலை கிடைக்கும் என்றே தெரியாத நேரத்தில், எழுபது வயதில் எங்கே இருப்போம் என்று ஒருவரை யூகிக்கச் சொன்ன சட்டம். இரண்டாண்டு கடந்தபின் அந்த மாநிலத்துக்குக் குடிவந்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. முழு விலக்கு வந்து அதைத் தேவையற்றதாக்கியது நல்லதுதான்.

முழு விலக்கின் பெரிய பலன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உச்சவரம்பு இல்லையென்றால் குறைப்பதற்கும் ஒன்றுமில்லை. 30,000 வந்தால் 30,000மும் கழிகிறது. வந்த தேதி, போன தேதி எதுவும் ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை கேள்வியாவதில்லை.

விலக்கு எதற்கு என்பதிலும் கவனம் தேவை. இயலாமைக்காக முன்னாள் படைவீரர் நலத்துறை தரும் தொகை கூட்டாட்சி வரிக்கே உட்படாது; அது மாநிலக் கணக்கில் நுழைவதில்லை. தன் மறைவுக்குப் பின் துணைவருக்கு ஓய்வூதியம் தொடர்வதற்காகப் பிடிக்கப்படும் சந்தா வரிக்குரிய தொகையிலிருந்து முன்கூட்டியே கழிந்துவிடுகிறது. மணமுறிவில் பங்கு பிரிந்திருந்தால் முன்னாள் துணைவருக்குத் தனியாக ஆண்டறிக்கை வரும். விலக்கு அவருக்கும் உண்டா என்பதை அந்தந்த மாநிலச் சட்டத்தில் தேட வேண்டும். 2018 ஜனவரி முதல் வந்த புதிய ஓய்வூதியத் திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 2.5 சதவீதம் என்றிருந்தது 2 சதவீதமாகக் குறைந்து, ஈடாக அரசின் பங்களிப்போடு கூடிய சேமிப்புக் கணக்கு வந்திருக்கிறது. படை ஓய்வூதியம் என்று மட்டும் எழுதப்பட்ட விலக்கு அந்தச் சேமிப்புக்குச் செல்லுமா என்பது, இந்தத் தலைமுறை ஓய்வு பெறும்போது ஒவ்வொரு மாநிலத்திலும் எழப்போகும் கேள்வி.

ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் நிதிக் கணக்குச் சேவை அனுப்பும் ஆண்டறிக்கையில் ஓய்வூதியம் ஆண்டு மொத்தமாகவே அச்சாகியிருக்கும். எந்த மாநிலத்தில் எத்தனை மாதம் இருந்தார் என்பது அந்த அலுவலகத்துக்குத் தேவையில்லாத தகவல். ஓய்வூதியத்தில் மாநில வரியைப் பிடிப்பது ஓய்வூதியரின் விருப்பத்தைப் பொறுத்தது. அவராகக் கேட்டால்தான் பிடிப்பார்கள், அவராக நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவார்கள். குடிமாறும் அலைச்சலில் அதை மறந்தவருக்குப் பழைய மாநிலத்தின் பெயரில் பிடித்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் திரும்பப் பெற அந்த மாநிலத்தில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே கொடுக்கும் குடிபெயர்ந்த தேதியும் புதிய மாநிலத்தில் கொடுக்கும் குடிவந்த தேதியும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும்.